சாம்பல் பேன்ட் போட்ட கோல்கீப்பர்!

ஒரு டிராக்டர் கம்பெனி விளம்பரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை அழவைக்க முடியுமா? முடியும் என்று 2022 உலகக் கோப்பையில் சிலர் நிரூபித்தார்கள்.

நவம்பர் 27. கத்தார். கனடாவும் குரோஷியாவும் மோதுகிற மேட்ச். குரோஷிய ரசிகர்கள் கூட்டத்தில் ஒரு கொடி தொங்குகிறது. பச்சையும் மஞ்சளுமாக, 'ஜான் டியர்' டிராக்டர் கம்பெனியின் கொடி. அந்தக் கம்பெனிக்குப் பழைய விளம்பர வாசகம் ஒன்று உண்டு. எங்கள் டியரைப் போல ஓடுவது வேறெதுவும் இல்லை என்று அர்த்தம் வரும். அதில் 'டியர்' என்ற இடத்தை மாற்றி, கனடா கோல்கீப்பரின் பெயரைப் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே 'க்னின் 95' என்று ஒரு ஊர்ப் பெயர், ஒரு வருஷம்.

டி.வி. பார்த்துக்கொண்டிருந்த உலகத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. 'என்னமோ டிராக்டர் விளம்பரம் போலிருக்கு' என்று காபியை உறிஞ்சியிருப்பார்கள். ஆனால் யாருக்குப் புரிய வேண்டுமோ அவருக்குப் புரிந்தது. கோல்போஸ்ட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த மிலன் போர்யானுக்கு.

க்னின் அவர் பிறந்த ஊர். 95 அவர் அந்த ஊரைவிட்டு ஓடிய வருஷம். அப்போது அவருக்கு ஏழு வயசு.

* * *

கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்.

மிலன் பிறந்தது 1987 அக்டோபர் 23. அன்றைக்கு அந்த இடத்தின் பெயர் யூகோஸ்லாவியா. ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட். க்னின் என்பது கோட்டையும் ரயில் ஜங்ஷனும் உள்ள சின்ன ஊர். செர்பியர்கள் அதிகம். யூகோஸ்லாவியா உடைந்து 1991-ல் குரோஷியா தனி நாடாகப் பிரிந்தபோது, 'நாங்கள் உங்களோடு வரமாட்டோம்' என்று அங்கிருந்த செர்பியர்கள் ஆயுதம் எடுத்தார்கள். க்னின்தான் அவர்களுக்குத் தலைநகர். அந்தப் பக்கத்துக் குரோஷியர்களைத் துரத்தினார்கள். கொன்றார்கள். நாலு வருஷம் கழித்துக் கணக்குத் திரும்பியது. 1995 ஆகஸ்ட் 4-ம் தேதி குரோஷிய ராணுவம் 'புயல்' என்று பெயர் வைத்துத் தாக்குதலை ஆரம்பித்தது. மறுநாளே க்னின் விழுந்துவிட்டது. செர்பியர்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை கிடைத்ததில் ஏறி செர்பியா பக்கம் கிளம்பினார்கள். கார், வண்டி, லாரி. ஆனால் ஃபோட்டோக்களில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். டிராக்டர்! பின்னால் டிரெய்லரில் மெத்தை, பாட்டி, குழந்தைகள்.

குரோஷியாவில் ஆகஸ்ட் 5 வெற்றித் திருநாள். அரசு விடுமுறை. செர்பியாவில் அதே நாட்களில் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள். இப்போது அந்தக் கொடியை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெறும் கால்பந்துக் கிண்டலா அது?

மிலன் குடும்பம் பெல்கிரேடுக்குப் போனது. அங்கே ஐந்து வருஷம். 2000-ல் கடல் தாண்டி, கனடாவில் ஹாமில்டன் நகரத்துக்கு. டொரான்டோவிலிருந்து ஒரு மணி நேர கார் பயணம். இரும்பு ஆலைகள் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்த இடம். பதின்மூன்று வயசுப் பையன். புது மொழி, புதுப் பள்ளிக்கூடம், ஆறு மாசம் பனி. ஐஸ் ஹாக்கியைத் தவிர வேறு எதையும் விளையாட்டு என்றே நினைக்காத தேசம். அங்கே போய், 'நான் ஃபுட்பால் கோல்கீப்பர் ஆகப் போகிறேன்' என்கிறவனை என்ன செய்வது!

* * *

கோல்கீப்பர் உத்தியோகம் ஒரு விசித்திரமான உத்தியோகம். கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. நம்ம ஊர் நடுத்தரக் குடும்பத்து வீட்டின் வாசல் பக்கச் சுவர் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை ஒரே ஆள் காக்க வேண்டும். ஸ்டிரைக்கர் பத்து சான்ஸ் விட்டு ஒன்று அடித்தால் ஹீரோ, தோளில் தூக்குவார்கள். கோல்கீப்பர் பத்தில் ஒன்பதைப் பிடித்து ஒன்றை விட்டால், மறுநாள் பேப்பரில் அந்த ஒன்றின் ஃபோட்டோதான் வரும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் பந்தை விட்டால் 'பை' நாலு ரன்னோடு போயிற்று. இங்கே மேட்சே போய்விடும்.

அதோடு வேலையும் சுலபத்தில் கிடைக்காது. ஒரு டீமில் டிஃபெண்டர் நாலு பேர், ஃபார்வர்டு இரண்டு மூன்று பேர். கோல்கீப்பர் ஒருத்தர். அவர் நன்றாக ஆடுகிற வரைக்கும் இரண்டாவது ஆள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். (சில ஆபீஸ்களில் அசிஸ்டென்ட் மேனேஜர் ரிடையர் ஆகும் வரை அசிஸ்டென்ட் மேனேஜராகவே இருப்பாரே, அது மாதிரி.)

மிலனும் இந்தக் க்யூவில் நின்றவர்தான். நின்ற இடங்களைப் பார்த்தால் தலை சுற்றும். டீன் ஏஜில் தென் அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள பெரிய கிளப்புகளின் ஜூனியர் டீம்களில் முட்டி மோதினார். நடக்கவில்லை. 2009-ல் பெல்கிரேடுக்கே திரும்பி 'ராட்' என்ற சின்ன கிளப். 2011-ல் துருக்கியில் சிவாஸ். நடுவில் கொஞ்ச நாள் ருமேனியா. பிறகு பல்கேரியா. போலந்திலும் ஒரு சீசன் பாதி. பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்திருப்பார் போலிருக்கிறது!

பல்கேரியாவில் சேர்ந்த கதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லுடோகோரெட்ஸ் என்று ஒரு கிளப். 2014 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற ருமேனியாவின் ஸ்டாவுவா கிளப்போடு மோதியது. எக்ஸ்ட்ரா டைம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது லுடோகோரெட்ஸ் கோல்கீப்பருக்கு ரெட் கார்டு! மாற்று ஆட்களை எல்லாம் ஏற்கெனவே இறக்கியாயிற்று. மோட்சி என்கிற டிஃபெண்டர் கீப்பரின் சட்டையை மாட்டிக்கொண்டு பெனால்டிக்கு நின்றார். முதல் பெனால்டியை அவரே போய் அடித்துவிட்டு வந்து, எதிரணியின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தும் விட்டார்! டீம் சாம்பியன்ஸ் லீகுக்குப் போய்விட்டது. அவர் பெயரில் ஸ்டேடியத்தில் ஒரு ஸ்டாண்டே இருக்கிறது.

சந்தோஷமெல்லாம் சரி. ரெட் கார்டு வாங்கிய கீப்பர் அடுத்த மேட்ச் ஆட முடியாதே? அடுத்த மேட்ச் எங்கே தெரியுமா? லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில். எல்லா மேட்சுக்கும் மோட்சியை நிறுத்த முடியுமா! கிளப் இல்லாமல் இருந்த மிலனைப் பிடித்துப் போட்டார்கள்.

செப்டம்பர் 16. பலோட்டெல்லி 82-வது நிமிஷம் ஒரு கோல் போட்டார். 90 நிமிஷம் தாண்டி லுடோகோரெட்ஸ் அதைச் சமன் செய்தது. 1-1! ஆன்ஃபீல்டில் டிரா என்றால் அந்தச் சின்ன கிளப்புக்குத் தீபாவளி. இன்னும் இரண்டே நிமிஷம். அப்போதுதான் மிலன், பந்தைத் துரத்தி வந்த லிவர்பூல் ஆட்டக்காரர் ஒருவரைக் கீழே தள்ளிவிட்டார். பெனால்டி. ஜெரார்டு அடித்தார். 2-1.

இந்த லிவர்பூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

* * *

சர்வதேச மேட்ச் விஷயத்தில் அவருக்கு மூன்று கதவுகள். குரோஷியா பிறந்த இடம். செர்பியா ரத்தம். கனடா அடைக்கலம் கொடுத்த இடம். மிலன் மூன்றாவது கதவைத் தட்டினார். 2011 பிப்ரவரியில் கிரீஸுக்கு எதிரான ஒரு நட்பு ஆட்டத்தில் முதல்முறையாகக் கனடா சட்டை. 1-0 தோல்வி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே காலத்தில் இன்னொரு கோல்கீப்பர் நேர் எதிராகப் போய்க்கொண்டிருந்தார். பெயர் அஸ்மிர் பெகோவிச். அவரும் 1987-ல் பிறந்தவர், மிலனுக்கு நாலு மாசம் மூத்தவர். அவரும் யூகோஸ்லாவியாதான். இப்போதைய போஸ்னியாவில் பிறந்து, யுத்தத்தில் ஓடி, ஜெர்மனியில் இருந்து, பத்து வயசில் கனடாவுக்கு வந்தவர். எட்மன்டன் நகரம். 2007-ல் கனடாவே நடத்திய 20 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கனடாவின் கோல்கீப்பர் அவர்தான். ஊரே அவரை நம்பியிருந்தது. 2009-ல், 21 வயசுக்கு மேல் நாடு மாறக்கூடாது என்ற விதியை ஃபிஃபா எடுத்தது. அதே வருஷம் பெகோவிச் போஸ்னியாவுக்கு ஆடப் போய்விட்டார்! 2014 உலகக் கோப்பையிலும் ஆடினார். (இங்கிலீஷ் லீகில் தன் கோலிலிருந்து ஒரே உதையில் எதிர்க் கோலுக்குள் பந்தை அனுப்பி, 91.9 மீட்டர் என்று கின்னஸில் ஏறிய ஆசாமி இவர்தான்.)

கனடா ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல். 'சோறு போட்டு வளர்த்தோமே' என்கிற தொனியில் புலம்பினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், பெகோவிச் செய்ததில் என்ன தப்பு? அவருக்குப் பிறந்த மண் கூப்பிட்டது, போனார். மிலனுக்குப் பிறந்த மண் கூப்பிடுகிற நிலைமையில் இல்லை. இரண்டு பையன்களும் ஒரே தீயிலிருந்து தப்பியவர்கள். இன்னது சரி, இன்னது தப்பு என்று வெளியிலிருந்து சொல்ல நாம் யார்?

மிலன் வந்து சேர்ந்த கனடா டீமோ, அய்யோ பாவம். 1986-ல் ஒரே ஒரு தடவை உலகக் கோப்பைக்குப் போய், மூன்று மேட்ச் ஆடி, மூன்றும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பிய டீம். 2012 அக்டோபரில் ஹோண்டுராஸில் ஒரு டிரா செய்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலைமை. 8-1 என்று தோற்றார்கள். (அன்று கோலில் நின்றது மிலன் இல்லை. நல்ல வேளை!) 2014-ல் உலக ரேங்கிங்கில் 122-வது இடம். அந்த டீமுக்காக ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து வந்து, நாலாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டுத் திரும்பிப் பறக்க வேண்டும். மிலன் வந்துகொண்டே இருந்தார். வருஷக்கணக்காக.

* * *

2017-ல் மிலனின் சின்ன வயசுக் கனவு ஒன்று பலித்தது. பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கிளப் அவரைக் கூப்பிட்டது. 1991-ல் ஐரோப்பியக் கோப்பையையே ஜெயித்த கிளப். அதன் பிறகு நாடும் சிதறி, கிளப்பும் சிதறி, சாம்பியன்ஸ் லீக் குரூப் ஆட்டத்தை எட்டியே பார்க்காமல் கிடந்தது. மிலன் சேர்ந்த அடுத்த வருஷமே உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

குரூப்பில் யார்? லிவர்பூல்!

முதலில் ஆன்ஃபீல்ட். 4-0 உதை. இரண்டு வாரம் கழித்து, 2018 நவம்பர் 6, பெல்கிரேடில் மறு மேட்ச். மொஹமத் சாலா, மானே, ஃபிர்மினோ என்று உலகமே பயந்த முன்வரிசை. அந்த சீசன் முடிவில் ஐரோப்பியச் சாம்பியனாகப் போகிற டீம். ரெட் ஸ்டாரின் பாவ்கோவ் என்ற ஆள் ஏழு நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். பாக்கி ஒரு மணி நேரம் லிவர்பூல் தட்டாத கதவில்லை. மிலன் திறக்கவில்லை. 2-0. ஸ்டேடியம் அதிர்ந்தது என்று எழுதுவது வழக்கம். பெல்கிரேடில் அது நிஜமாகவே அதிரக்கூடிய ஸ்டேடியம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆன்ஃபீல்டில் கடைசி நிமிஷத்தில் தலைகுனிந்த மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது, சந்தோஷத்தில்.

ரெட் ஸ்டாரில் அவர் இருந்த ஆறு சீசனும் ஆறு லீக் பட்டம். கேப்டன் பதவியும் வந்தது. செர்பியாவில் ஹீரோ. ஆனால் ரெட் ஸ்டார் சட்டை என்பது குரோஷிய ரசிகர்களுக்கு வெறும் சட்டை இல்லை. 1990-ல் ஜாக்ரெப் நகரில் டினமோ-ரெட் ஸ்டார் மேட்சில் நடந்த அடிதடியைத்தான் யுத்தத்தின் முதல் மணி என்று அங்கே பலர் இன்றும் சொல்கிறார்கள். க்னினில் பிறந்தவர், ரெட் ஸ்டார் கேப்டன்... அந்தக் கோபம் எங்கேயோ சேர்ந்துகொண்டே இருந்தது.

* * *

இப்போது அந்த சாம்பல் பேன்ட்.

2022 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. கனடா திடீரென்று விழித்துக்கொண்டது. அல்ஃபோன்சோ டேவிஸ், ஜொனதன் டேவிட் என்று இளரத்தம். ஜான் ஹெர்ட்மன் என்ற வாய்ச்சொல் வீரர் கோச். வழியில் ஹெய்ட்டியோடு ஒரு மேட்ச். ஹெய்ட்டி கோல்கீப்பர் டுவெர்ஷே, சக ஆட்டக்காரர் மெதுவாகத் தட்டிக் கொடுத்த பந்தைக் காலால் நிறுத்தப் போய்க் கோட்டை விட்டார். உருண்டு போன பந்தைத் துரத்திப் போய் உதைத்தார், அதுவும் படவில்லை. பந்து ஆடி அசைந்து கோலுக்குள் போய்விட்டது. சிரிக்காதீர்கள். அந்தப் பையனுக்கு 21 வயசு. அவர் பிறந்தது கனடாவில்! பெற்றோரின் நாட்டுக்காக ஆட வந்து, பிறந்த நாட்டுக்கு கோல் கொடுத்துவிட்டார். எதிர்முனையில் நின்ற மிலன் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்?

2021 நவம்பர் 16. மெக்சிகோ வருகிறது. கனடாக்காரர்கள் குசும்பு பிடித்தவர்கள். வெயில் நாட்டுக்காரர்களை எட்மன்டனுக்கு வரவழைத்தார்கள். பெகோவிச் வளர்ந்த அதே எட்மன்டன். மைனஸ் 9 டிகிரி. மைதானத்தைச் சுற்றி அள்ளிக் கொட்டிய பனி மலை மலையாக. மெக்சிகோக்காரர்கள் மூக்கில் புகை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கனடா கோல்கீப்பர் வருகிறார், தொளதொளவென்று ஒரு சாம்பல் நிற டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு! காலையில் பால் பாக்கெட் வாங்க வருகிறவர் மாதிரி. உலகமே ஜிகுஜிகு டிராயரில் ஆடும்போது இவர் மட்டும் இப்படி. ஹங்கேரியில் கிராய் என்று ஒரு கோல்கீப்பர் இதே மாதிரி சாம்பல் பேன்ட்டால் பிரபலமானவர். அதன் பிறகு மிலன்தான்.

லாரின் இரண்டு கோல் போட்டார். 90-வது நிமிஷம் மெக்சிகோ ஒன்று போட்டது. 2-1. கூடுதல் நேரத்தில் மெக்சிகோ மறுபடி முட்டியது. பந்து மிலனைத் தாண்டிவிட்டது. கோட்டைத் தொடப் போகிறது. விழுந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டி, கோட்டின் மேலேயே பந்தை அமுக்கி வெளியே இழுத்தார். ஒரு சாண் தாண்டியிருந்தால் டிரா. ஜெயித்த சந்தோஷத்தில் கனடா ஆட்டக்காரர் அடெகுபே பனிக் குவியலுக்குள் தலைகுப்புற டைவ் அடித்த ஃபோட்டோதான் மறுநாள் உலகமெங்கும் வந்தது. அந்த டைவுக்குக் காரணமான இன்னொரு டைவ் யாருக்கு ஞாபகம்! கோல்கீப்பர் ஜாதகம் அப்படி.

இரண்டு மாசம் கழித்து, 2022 ஜனவரி 30. அமெரிக்காவோடு மேட்ச். எங்கே? ஹாமில்டனில்! பதின்மூன்று வயசில் மொழி தெரியாமல் வந்து இறங்கிய அதே ஊர். ஸ்டேடியத்துக்கு அப்போது ஒரு காபிக் கடையின் பெயர், டிம் ஹார்ட்டன்ஸ். அந்தக் காபிக் கடை பிறந்ததும் ஹாமில்டனில்தான். மறுபடி அதே குளிர், சாம்பல் பேன்ட். ஏழாவது நிமிஷமே லாரின் கோல். அமெரிக்காவின் மெக்கென்னி தலையால் முட்டிய பந்து மேல் மூலைக்குப் போகிறது. மிலன் எம்பி விரல் நுனியால் தட்டினார், பந்து மேல் கம்பியில் பட்டுத் தெறித்தது. கடைசியில் 2-0. மார்ச் 27-ல் ஜமைக்காவை டொரான்டோவில் 4-0 என்று ஜெயித்து, 36 வருஷத்துக்குப் பிறகு கனடா உலகக் கோப்பைக்குள்.

* * *

அப்புறம் கத்தார்.

முதல் மேட்ச் பெல்ஜியம். கனடா நன்றாக ஆடி 1-0 தோற்றது. டேவிஸின் பெனால்டியை பெல்ஜியம் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். மேட்ச் முடிந்ததும் டி.வி. மைக்கைப் பார்த்த கோச் ஹெர்ட்மன், அடுத்து குரோஷியாவை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு கெட்ட வார்த்தையைப் போட்டுச் சொல்லித் தொலைத்தார். குரோஷியப் பத்திரிகை ஒன்று சும்மா விடுமா? ஹெர்ட்மன் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் நிற்பதுபோல முதல் பக்கத்தில் முழுப் படம் போட்டது. கனடாக் கொடியின் மேப்பிள் இலை ஒன்று வாயில். இன்னொன்று எங்கே என்று கேட்காதீர்கள், குடும்பப் பத்திரிகை!

அது வரைக்கும் தமாஷ். மேட்ச் அன்று தமாஷ் இல்லை.

68-வது விநாடியிலேயே டேவிஸ் தலையால் முட்டி கோல் போட்டார். உலகக் கோப்பை சரித்திரத்தில் கனடா ஆண்கள் அணியின் முதல் கோல். அந்த டேவிஸ் யார்? லைபீரிய யுத்தத்துக்குத் தப்பி ஓடிய பெற்றோருக்கு, கானா நாட்டு அகதி முகாமில் பிறந்தவர். ஐந்து வயசில் கனடா வந்தவர். கோல் போட்டவர் அகதிப் பிள்ளை. கோலைக் காத்தவர் அகதிப் பிள்ளை.

இன்னும் ஒருத்தர் இருக்கிறார். எதிரணி கேப்டன், லூக்கா மோத்ரிச்.

க்னினிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான் மோத்ரிச்சின் கிராமம். 1991 டிசம்பரில் அவருடைய தாத்தாவை செர்பிய ஆயுதக் கும்பல் சுட்டுக் கொன்றது. பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான், லூக்கா. ஆறு வயசு. குடும்பம் ஓடிப்போய் ஜாதர் நகரத்து ஹோட்டலில் அகதிகளோடு அகதிகளாக வருஷக்கணக்கில் இருந்தது. ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான் அவர் பந்து உதைத்துப் பழகினார். ஆக, மைதானத்தில் ஒரு பக்கம் செர்பியர்களால் ஓடிய பையன். இன்னொரு பக்கம் குரோஷியர்களால் ஓடிய பையன். இரண்டு வயசு வித்தியாசம். அந்த இருவருக்கும் இல்லாத ஆங்காரம், கொடி பிடித்துக் காலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

கொடி மட்டுமில்லை. மிலன் பந்தைத் தொடும்போதெல்லாம் வசவு. அவருடைய போன் நம்பர் எப்படியோ வெளியே போய், ஆயிரக்கணக்கில் திட்டி மெஸேஜ்கள். இதற்கெல்லாம் நடுவில் அவர் பந்தைப் பார்க்க வேண்டும். நாலு கோல் போயிற்று. 4-1. பல பந்துகளைத் தடுத்திருக்காவிட்டால் இன்னும் போயிருக்கும். கனடா உலகக் கோப்பையிலிருந்து வெளியே. நாலு நாள் கழித்து மொராக்கோவோடு கடைசி மேட்ச். நாலாவது நிமிஷம் தன் ஆள் மெதுவாகத் தட்டிய பந்தை எடுக்க முன்னால் ஓடிவந்த மிலன், அதை நேராக எதிரணி சியெச்சின் காலில் கொடுத்தார். அவர் அலட்டிக்கொள்ளாமல் காலிக் கோலுக்குள் தூக்கிப் போட்டார். பதினோரு வருஷமாக ஓடி ஓடி வந்து சேர்த்த பேரெல்லாம் ஒரு உதையில். குரோஷியா மேட்சின் களைப்பு அந்தக் காலில் இருந்ததா? டாக்டர் யாரும் சொல்ல முடியாது. எனக்கு என்னவோ இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஃபிஃபா விசாரித்தது. ரசிகர்களின் நடத்தைக்காக குரோஷியக் கால்பந்து சங்கத்துக்கு 50,000 ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதம். பெரிய தொகையாகத் தெரியும். உலகக் கோப்பையில் மூன்றாவது இடம் வந்த அணிக்குக் கிடைக்கும் கோடிகளில் அது எந்த மூலைக்கு! ஒரு டிராக்டரின் விலை கூட வராது. ஜான் டியரில் பெரிய மாடலாகப் பார்த்தால்.

* * *

அதன் பிறகு கதை சீக்கிரம் இறங்குகிறது. 2023-ல் ரெட் ஸ்டார் அவரை ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்குக் கடனாக அனுப்பியது. கனடாவில் ஹெர்ட்மன் போனார். 2024-ல் ஜெஸ்ஸி மார்ஷ் என்ற புதுக் கோச் வந்தார். அந்த வருஷக் கோபா அமெரிக்காவுக்கு மூன்று கோல்கீப்பர்களின் பட்டியல் வெளியானது. மிலன் பெயர் இல்லை. பதின்மூன்று வருஷம், 80 மேட்ச். கனடா ஆண்கள் அணியில் வேறு எந்த கோல்கீப்பரும் இவ்வளவு ஆடியதில்லை. அவருக்கு முன்னால் அந்த ரெக்கார்டு வைத்திருந்த க்ரெய்க் ஃபாரஸ்ட் ஆடியது 56.

மூன்று மேட்ச் உலகக் கோப்பையில் ஏழு கோல் வாங்கினார் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எட்மன்டனில் அந்தப் பந்து ஒரு சாண் கூடுதலாக உருண்டிருந்தால், உலகக் கோப்பைப் பாதையே கரடுமுரடாகியிருக்கும். கோல் கணக்கு எழுதுகிற பேரேட்டில், போகாத பந்துக்குக் காலம் கிடையாது.

2024 கோடையில் மிலன் சவுதி அரேபியாவின் அல் ரியாத் கிளப்பில் சேர்ந்தார். பெட்டி கட்டும்போது அந்த சாம்பல் பேன்ட்டை எடுத்து வைத்தாரா என்று தெரியவில்லை. அங்கே ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்!